குண்டும் குழுமாடும்: பிரித்தானியர் கால இலங்கையில் எருமை வேட்டை பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

வரலாறு என்பது மன்னர்களதும் தேசாதிபதிகளதும் பெயர் நிரலன்று என்பதை இன்று எவரும் மறுக்கமாட்டார். மக்கள் கையாண்ட கருவிகளும், அக்கருவிகள் யாருடைய கையில் இருந்தன என்பதும் வரலாற்றின் மூலப்பொருள்களாகும். இந்நோக்கில் ஏரையும் மண்வெட்டியையும் தறியையும் ஆராயும் நாம், துவக்கைப் போர்க்களத்தோடு மட்டுமே தொடர்புபடுத்திப் பார்த்துவிடுகிறோம். ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டு இலங்கையிற் சுடப்பட்ட குண்டுகளிற் பெரும்பாலானவை மனிதரை நோக்கிச் சுடப்பட்டவை அல்ல. அவை யானையையும் எருமையையும் மானையும் நோக்கிச் சுடப்பட்டவை. எருமையைக் கொல்ல எத்தகைய குண்டு வேண்டும் என்பது அக்கால ஆங்கில வேட்டை நூல்களிற் பக்கம் பக்கமாக விவாதிக்கப்பட்ட வினா. மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு அது ஓய்வுநேரக் கனவான்களின் பொழுதுபோக்குப் பேச்சாகவே தோன்றும். எனினும் அவ்வினாவுக்குக் காலந்தோறும் அளிக்கப்பட்ட விடைகளை வரிசைப்படுத்தி நோக்கின், காட்டின் உரிமை, குடியானவனின் உடைமை, இறுதியில் மனிதனின் மதிப்பு ஆகியவை பற்றிய குடியேற்ற ஆட்சியின் எண்ணப்போக்கு அவற்றிற் பதிந்திருப்பதைக் காணலாம். அப்பதிவை இனங்காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எருமையும் குடியானவனும்

முதலில் எருமை இந்நாட்டில் வகித்த இடத்தை வரையறுத்துக்கொள்ளுதல் அவசியம். குளத்துப் பாய்ச்சலை நம்பிய நெற்செய்கைக்கு எருமை இன்றியமையாத விலங்கு. சேறான வயலை எருமைகள் கொண்டு உழக்கி விதைத்தலும், அறுவடையின் பின் களத்தில் அவற்றைச் சுற்றிவரச் செய்து சூடு மிதித்தலும் வன்னியிலும் மட்டக்களப்பிலும் சிங்களக் கிராமங்களிலும் ஒருங்கே நிலவிய வழக்கங்கள். ஓர் இணை எருமைக் கடா இருக்குமாயின் ஒருவன் தன் வயலையும் செய்து, அயலானின் வயலுக்கும் அவற்றைக் கொடுத்து அதற்கீடாக நெல் பெறலாம். எனவே எருமை பாலும் தயிரும் தந்த விலங்கு மட்டுமன்று, உற்பத்திக் கருவியுமாகும்.

இவ்வெருமைகள் ஆண்டு முழுவதும் தொழுவத்திற் கட்டி வளர்க்கப்பட்டவை அல்ல. வேலைக்காலம் முடிந்ததும் அவை காட்டிலும் குளத்தோரப் புற்றரையிலும் தாமே மேய விடப்பட்டன. உடைமையாளரின் அடையாளமாக அவற்றின் உடலிற் குறி சுடப்பட்டிருக்கும். பட்டியிற் சேராது காட்டிலேயே பிறந்து வளர்ந்தவற்றை வன்னி மக்கள் குழுமாடு என்றனர். பட்டி எருமையும் குழுமாடும் ஒரே குளத்தில் நீரருந்தின, ஒரே சேற்றிற் புரண்டன, தம்முட் கலந்து இனம் பெருக்கின. குழுமாட்டைப் பிடித்துப் பழக்கிப் பட்டியிற் சேர்ப்பது துணிவுமிக்க ஒரு தொழிலாகவும் இருந்தது. ஆகவே காட்டு விலங்கு என்றும் வீட்டு விலங்கு என்றும் கோடு கிழித்துப் பிரிக்கத்தக்க நிலை இங்கு இருக்கவில்லை. காடும் ஊரும் போலவே அவ்விரண்டும் ஒன்றினுள் ஒன்று ஊடாடியிருந்தன. இவ்வுண்மையை மனங்கொள்ளாது எருமை வேட்டையின் சமூகப் பொருளை விளங்கிக்கொள்ள முடியாது.

துவக்கும் இந்நாட்டு மக்களுக்குப் புதியதன்று. போர்த்துக்கேயர் வந்த பின்னர் இலங்கைக் கம்மியர் துவக்குச் செய்வதில் விரைவிலேயே கைதேர்ந்தனர். வாய்வழியாக மருந்தை இட்டு இடித்துச் சுடும் துவக்கு, பிற்காலத்தில் இடியன் என வழங்கியது, கிராமத்தவனின் பயிர்க்காவற் கருவியாகும். பன்றியும் யானையும் அழிக்கும் வயலைக் காப்பதற்கும் இடையிடையே இறைச்சி பெறுவதற்கும் அது போதுமானது. அதற்கேற்ற குண்டைப் பற்றி அவன் நூலெழுதவில்லை. கிடைத்த ஈயத்தை உருக்கி வார்த்த குண்டும் சன்னமுமே அவனுக்கு வாய்த்தவை. துவக்கின் குறைவைக் காட்டைப் பற்றிய அறிவினால் ஈடுசெய்தான். பழக்கப்பட்ட எருமையொன்றின் மறைவில், மணியும் விளக்கும் கொண்டு, இரவில் மானை அணுகும் ஒரு முறையை எமர்சன் ரெனென்ற் விவரித்துள்ளார். எருமையை வேட்டைப் பொருளாகவன்றி வேட்டைத் துணையாகக் கொண்ட அம்முறை இங்கு கருதத்தக்கது.

ஈயக் குண்டின் கணக்கு

இத்தகைய சூழலிலேதான் 1840களில் ஆங்கிலேய வேட்டைக்காரர் காட்டினுட் புகுந்தனர். அவர்களுள் எழுத்தினால் நிலைபெற்றவர் சாமுவேல் பேக்கர். 1846இல் இலங்கை வந்த இவர் நுவரெலியாவில் ஆங்கிலேயக் குடியேற்றப் பண்ணையொன்றை அமைத்து 1855 வரை இங்கு வாழ்ந்தார். இலங்கையிற் துவக்கும் வேட்டை நாயும் பற்றிய இவரது நூல் 1854இல் வெளிவந்தது. பின்னர் நைல் நதியின் ஊற்றுக்களைத் தேடிச் சென்று புகழ்பெற்றவரும் இவரே. ஆபிரிக்காவிற் பயன்பட்ட வேட்டையறிவின் பெரும்பகுதி இலங்கையிற் பெறப்பட்டதே எனலாம்.

பேக்கரின் முதல் எருமை வேட்டை மின்னேரியாவில் நிகழ்ந்தது. மகாசேன மன்னன் அமைத்ததாக வரலாறு கூறும் அப்பெருங்குளம் அப்போது பராமரிப்பின்றிக் கிடந்தது. நெல் விளைந்த நிலம் புற்றரையாகி எருமைக் கூட்டங்களின் மேய்ச்சற் களமாயிருந்தது. அங்கே காயமுற்ற கடா ஒன்று எதிர்த்து நிற்க, கையிற் குண்டு தீர்ந்துபோன நிலையில், தம்மிடமிருந்த சில்லறை வெள்ளிக் காசுகளைத் துணியிற் சுற்றித் துவக்கினுள் இட்டுச் சுட்டு உயிர் தப்பியதாக அவர் எழுதுகிறார். குண்டாகிப் பறந்த அந்த நாணயங்களை நாம் மீண்டும் நினைவுகூர நேரிடும்.

அந்த முதல் அநுபவம் பேக்கருக்குக் கற்பித்தது யாது? மானுக்குப் போதுமான குண்டு எருமைக்குப் போதாது என்பதே. இதன் காரணத்தைச் சற்று விளக்கமாக நோக்குதல் தகும். எருமையின் கழுத்துத் தோல் தடித்தது, தோளெலும்பு கனத்தது. பாய்ந்து வரும்போது அது கொம்பைப் பின்னே சாய்த்து மூக்கை முன்னே நீட்டுவதால் நெற்றி குறிக்கு அகப்படுவதில்லை. தூய ஈயம் மென்மையான உலோகம். அது எலும்பிற் பட்டவுடன் தட்டையாகி, தோலுக்கும் தசைக்கும் அப்பாற் செல்லாது நின்றுவிடும். மானின் மெல்லிய உடலில் இத்தட்டையாதல் பெருங்காயத்தை விளைத்து உடனே வீழ்த்தும். எருமையிலோ அது ஆறாத புண்ணை விளைத்து விலங்கைச் சினங்கொள்ளச் செய்யுமேயன்றிக் கொல்லாது. ஆகவே வேட்டைக்காரன் இரு முரண்பட்ட பண்புகளுக்கிடையே தெரிவு செய்யவேண்டியவனானான். விரியும் குண்டு காயத்தை அகலமாக்கும், ஆழமாக்காது. விரியாத கடினக் குண்டு ஆழச் செல்லும், ஆயின் ஒடுங்கிய துளையையே விட்டுச்செல்லும்.

கருமருந்துக் காலத்தில் இம்முரண்பாட்டைத் தீர்க்க இரு வழிகளே இருந்தன. ஒன்று, ஈயத்தோடு வெள்ளீயத்தையோ பாதரசத்தையோ கலந்து குண்டைக் கடினமாக்குதல். பேக்கர் இதனைப் பெரிதும் வலியுறுத்தியவர். மெல்லிய தோலுடைய விலங்குக்குத் தூய ஈயமும், எருமை, யானை முதலியவற்றுக்குக் கடினப்படுத்திய ஈயமும் என அவர் வகுத்தார். மற்றையது, குண்டின் எடையைக் கூட்டுதல். கருமருந்தினாற் குண்டுக்கு ஓர் எல்லைக்கு மேல் வேகம் கொடுக்க முடியாது. எனவே வலிமையைக் கூட்ட எடையையே கூட்டவேண்டியிருந்தது. துவக்குக் குழாயின் அளவே ஈயத்தின் எடையைக் கொண்டு கணிக்கப்பட்டது. ஓர் இறாத்தல் ஈயத்திற் பன்னிரண்டு உருண்டைகள் வார்க்கப்படின் அவ்வுருண்டை செல்லும் குழாய் பன்னிரண்டாம் இலக்கம், நான்கு வார்க்கப்படின் நான்காம் இலக்கம் என்பது கணக்கு. பன்னிரண்டாம் இலக்கக் குண்டின் எடை ஏறத்தாழ 38 கிராம், நான்காம் இலக்கத்தின் எடை ஏறத்தாழ 113 கிராம்.

பேக்கர் பிரிஸ்டல் நகரத் துவக்குத் தொழிலாளர் ஒருவரைக் கொண்டு தம் விருப்பின்படி செய்வித்த துவக்கு 3 அவுன்ஸ் உருண்டைக் குண்டையோ 4 அவுன்ஸ் கூம்புக் குண்டையோ ஏற்றது. அதற்கு வேண்டிய மருந்து மாத்திரமே ஓர் அவுன்ஸ், அதாவது ஏறத்தாழ 28 கிராம். துவக்கின் எடை 21 இறாத்தல். உருண்டைக் குண்டின் எடையைக் கூட்டக் குழாயை அகலமாக்க வேண்டும். கூம்புக் குண்டிலோ அகலத்தை மாற்றாது நீளத்தைக் கூட்டி எடையைப் பெறலாம். கூம்பு வடிவம் போர்த் துவக்கிலும் வேட்டைத் துவக்கிலும் இந்நூற்றாண்டின் நடுப்பகுதியிற் பரவிய காரணம் இதுவே.

இங்கு ஒரு கேள்வி எழுகிறது. 21 இறாத்தல் எடையுள்ள துவக்கை நாள் முழுவதும் காட்டில் யார் சுமந்தனர்? வேட்டைக்காரன் அன்று. வாய்வழியாக நிரப்பும் துவக்கில் ஒருமுறை சுட்ட பின் மீண்டும் நிரப்ப நேரம் வேண்டும். பாயும் எருமை அந்நேரத்தைக் கொடாது. எனவே வேட்டைக்காரன் பல துவக்குகளோடு சென்றான். ஒவ்வொன்றையும் சுமந்து, நிரப்பி, தக்க தருணத்தில் அவன் கையிற் கொடுக்க ஒவ்வோர் ஆள் பின்னே நடந்தான். அடிச்சுவடு பார்த்து வழிகாட்டியவனும் இந்நாட்டுக் கிராமத்தவனே. கனத்த குண்டு வேண்டும் என்ற தெரிவு, அதனைச் சுமக்க மலிந்த கூலித் தோள்கள் உள்ளன என்ற முற்கோளின் மேல் நிற்கிறது. கொன்றவன் பெயர் நூலின் அட்டையில் உள்ளது. சுமந்தவனும் சுவடு பார்த்தவனும் பெரும்பாலும் பெயரற்றவராகவே மறைந்தனர். எருமை பாயும்போது ஓடியவர்கள் என்று மாத்திரம் சில வேளைகளில் ஏளனமாகக் குறிக்கப்பட்டனர். வெறுங்கையோடு நின்றவன் ஓடியதில் ஏளனத்துக்கு என்ன உண்டு என அந்நூல்கள் வினவவில்லை.

துவக்கு வரியும் காட்டின் உரிமையும்

வேட்டையைப் பொருளாதாரத்தினின்றும் பிரித்து நோக்கல் இயலாது. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம், உரிமைச் சான்று காட்ட முடியாத காட்டையும் தரிசையும் முடிக்குரிய நிலம் எனக் கொள்ள வழிசெய்தது. அந்நிலத்தின் பெரும்பகுதி கோப்பித் தோட்டக்காரரின் கைக்குச் சென்றமையை நாம் அறிவோம். தலைமுறை தலைமுறையாக எருமை மேய்ந்த காடு முடிக்குரியதாயின், அதனுள் மேயும் எருமை யாருடையது? குறி சுடாத கன்று யாருடையது? சட்டம் இதனை நேரடியாகக் கேட்கவில்லை. வேட்டைக்காரனின் குண்டே பல இடங்களில் விடையளித்தது.

1848இல் தேசாதிபதி ரொறிங்ரனின் ஆட்சி புதிய வரிகளை விதித்தது. துவக்குக்கு உரிமப்பணம், நாய்க்கு வரி, கடைக்கு வரி, ஆண்டுக்கு ஆறு நாள் வீதி வேலை அல்லது அதற்கீடான பணம் என்பன அவற்றுட் சில. வயலைக் காக்கும் துவக்குக்கும் ஊரைக் காக்கும் நாய்க்கும் வரி விதிக்கப்பட்டமை விவசாயியின் பார்வையில் எத்துணைக் கொடுமையாகப் பட்டிருக்கும் என்பதை ஊகித்தல் கடினமன்று. அவ்வாண்டு யூலை மாதத்தில் மாத்தளையிலும் குருநாகலிலும் எழுந்த கிளர்ச்சி படைகொண்டு அடக்கப்பட்டது. புரன் அப்பு 1848 ஓகத்து 8ஆம் நாள் கண்டியிற் சுட்டுக் கொல்லப்பட்டார். அதே ஆண்டிலேயே பேக்கர் நுவரெலியாக் குடியேற்றத்தைத் தொடங்கினார். ஒருபுறம் சில ஷில்லிங் காசு தேடி ஊர் ஊராகக் குடியானவன் அலைகின்றான். மறுபுறம் அதே காசு எருமையின் மேற் குண்டாகப் பொழியப்படுகிறது. பேக்கர் உயிர்தப்பவே அவ்வாறு செய்தார் என்பது உண்மையே. தனிமனிதரைக் குறைகூறுவது எமது நோக்கமன்று. ஒரே நாணயம் இருவேறு வர்க்கத்தாரின் கையில் இருவேறு பொருள் கொண்டது என்பதே இங்கு சுட்டிக்காட்டத்தக்கது.

அரசும் கொலைக்குப் பணம் கொடுத்தது. வடமாகாணத்தின் ஒரு பகுதியில் மாத்திரம் 1848க்கு முந்திய மூன்றாண்டுக்கும் குறைந்த காலத்தில் 3,500க்கு மேற்பட்ட யானைகளுக்கும், 1851 முதல் 1856 வரை தென்மாகாணத்தில் 2,000 யானைகளுக்கும் வெகுமதி வழங்கப்பட்டதென ரெனென்ற் பதிவு செய்துள்ளார். எருமைக்கு இத்தகைய கணக்கு வைக்கப்படவில்லை. யானையின் பெருமை அதற்கு இல்லை. கணக்கில் வாராத விலங்கு என்பதாலேயே அது தடையின்றிச் சுடப்பட்டது.

ஒப்பீட்டுக்காக ஒன்றைச் சுருக்கமாகக் கூறிச்செல்லலாம். வட அமெரிக்கச் சமவெளிகளில் எருமை எனத் தவறாக அழைக்கப்பட்ட பைசன் 1870களிலும் 1880களின் தொடக்கத்திலும் தோலுக்காகக் கொன்று குவிக்கப்பட்டது. 1871ஐ அடுத்து அத்தோலைத் தொழிற்சாலைகளிற் பதனிடும் வழி கண்டமையும், புகையிரதப் பாதைகள் பரவியமையும் அதற்குக் காரணங்கள். அங்கே கனத்த ஈயக்குண்டைத் தொலைதூரம் செலுத்தும் துவக்கு, ஒரு நாளிற் பல தோல்களைப் பெற உதவும் தொழிற்கருவி. கோடிக்கணக்கில் இருந்த விலங்கு, 1889இல் வில்லியம் ஹோர்ணடேயின் அறிக்கை வெளிவந்தபோது ஆயிரத்துச் சொச்சமாகக் குறைந்திருந்தது. அவ்விலங்கை நம்பி வாழ்ந்த பழங்குடிகளின் சுதந்திரமும் அதனோடு குலைந்தது. அங்கு குண்டைத் தேர்ந்தது இலாபம். இங்கு பெரும்பாலும் தேர்ந்தது அந்தஸ்து. இரண்டிலும் விலங்கோடு சேர்ந்து அதனைச் சார்ந்த வாழ்வும் அடிபட்டது.

விலங்கிலிருந்து மனிதனுக்கு

குண்டின் வரலாற்றில் அடுத்த திருப்பம் நூற்றாண்டின் இறுதியில் நிகழ்ந்தது. புகையற்ற மருந்தின் வருகை குண்டின் வேகத்தைப் பெருக்கியது. வேகம் பெருகவே எடையைக் குறைக்க முடிந்தது. 1898இல் இலண்டனில் றிக்பி நிறுவனம் வெளியிட்ட .450 இலக்க வேட்டைத் துவக்கு, ஏறத்தாழ 31 கிராம் எடையுள்ள குண்டை வினாடிக்கு ஏறத்தாழ 650 மீற்றர் வேகத்திற் செலுத்தியது. பேக்கரின் 113 கிராம் செய்த வேலையை இச்சிறு குண்டு செய்தது. இவ்வேகத்தில் வெறும் ஈயம் குழாயின் உட்சுருளில் உரிந்துபோகும். எனவே ஈயத்தின்மேற் செம்பும் நிக்கலும் கலந்த உறை போர்த்தப்பட்டது. பழைய முரண்பாட்டுக்கு இப்போது புதிய தீர்வு கிடைத்தது. முனைவரை உறை மூடிய குண்டு விரியாது ஆழச் செல்லும். முனையில் ஈயம் வெளியே தெரியும் குண்டு உடலினுட் புகுந்ததும் காளான்போல் விரியும். முன்னது யானைக்கும் எருமைக்கும், பின்னது மானுக்கும் சிறுத்தைக்கும் என வேட்டைக்காரர் பொதுவாக வகுத்தனர். பேக்கர் ஈயத்தையும் பாதரசத்தையும் கொண்டு செய்த பாகுபாடே இது. உலோகம் மாறியது, தருக்கம் மாறவில்லை.

இத்தருக்கம் காட்டோடு நின்றிருப்பின் அது தொழில்நுட்ப வரலாற்றின் ஒரு சிறு பகுதியாகவே அமைந்திருக்கும். ஆனால் அது நிற்கவில்லை. பிரித்தானியப் படையின் .303 இலக்கத் துவக்கு முழுவதும் உறையிட்ட சிறு குண்டைச் சுட்டது. 1895இல் வடமேற்கெல்லையிற் சித்திரால் படையெடுப்பின்போது, இக்குண்டு எதிரியை ஊடுருவிச் சென்றாலும் அவனை வீழ்த்துவதில்லை என்ற முறைப்பாடு எழுந்தது. கல்கத்தாவை அடுத்த டம்டம் படைக்கலச் சாலையில் முனை திறந்த, விரியும் குண்டு செய்யப்பட்டது. 1897–98இல் தீராப் படையெடுப்பில் எல்லைப்புறப் பத்தானியர் மீது அது பயன்பட்டது. டம்டம் குண்டு என உலகறிந்த பெயர் இவ்வாறு பிறந்தது.

1899இல் ஹேக் நகரிற் கூடிய சர்வதேச மாநாட்டில் இத்தகைய குண்டுகளைத் தடைசெய்யும் பிரகடனம் முன்வைக்கப்பட்டது. பிரித்தானியப் பிரதிநிதிகளுள் ஒருவரான சேர் ஜோன் ஆர்டா இதனை எதிர்த்தார். அவர் காட்டிய காரணம் ஊன்றி நோக்கற்பாலது. நாகரிகமடைந்த நாட்டுப் போர்வீரன் காயமுற்றதும் பின்வாங்கிச் சிகிச்சையை நாடுவான் என்றும், காட்டுமிராண்டியோ பலமுறை துளைக்கப்பட்டாலும் பாய்ந்து வருவான் என்றும், ஆகவே இருவருக்கும் ஒரே குண்டு போதாதென்றும் அவர் வாதிட்டார். காயமுற்ற பின்னும் பாய்ந்து வருவது, சிறு குண்டுக்கு அடங்காதது, நின்ற இடத்தில் வீழ்த்தப்பட வேண்டியது என எருமையைப் பற்றி அரை நூற்றாண்டாக வேட்டை நூல்களில் எழுதப்பட்டுவந்த அதே இலக்கணம் இங்கு மனிதனுக்கு உரித்தாக்கப்பட்டதைக் காண்கிறோம். விலங்கை வகைப்படுத்திய அட்டவணையில் ஆசிய ஆபிரிக்க மனிதன் ஒரு நிரலாகச் சேர்க்கப்பட்டான்.

இத்தொடர்பு நாம் வலிந்து கற்பிப்பதன்று. விரியும் குண்டின் கொடுமையை எடுத்துக்காட்ட ஜெர்மனியிலே தியூபிங்கன் பேராசிரியர் புறூண்ஸ் செய்த சோதனைகள், அதிகமாக ஈயம் வெளித்தெரியும் வேட்டைக் குண்டுகளைக் கொண்டு செய்யப்பட்டவை எனவும், அவை டம்டம் குண்டுக்குப் பொருந்தா எனவும் பிரித்தானியர் மறுத்துரைத்தனர். வேட்டைக் குண்டு எது, போர்க்குண்டு எது என்பதே அன்றைய சர்ச்சையின் ஒரு பகுதியாயிருந்தது. 1899 யூலை 29ஆம் நாளைய பிரகடனம் மனித உடலில் எளிதில் விரியும் அல்லது தட்டையாகும் குண்டுகளை ஒப்பந்த நாடுகளுக்கிடையிலான போரில் விலக்கியது. பிரித்தானியா 1907இலேயே அதனை ஏற்றுக்கொண்டது. ஒப்பந்தம் செய்துகொண்ட நாடுகளுக்கிடையில் என்ற சொற்றொடரை நாம் கவனிக்கவேண்டும். தம் பெயரிற் கையொப்பமிட உரிமை பெறாத குடியேற்ற நாட்டு மக்கள் அக்காப்பின் எல்லைக்குப் புறத்தேயே நின்றனர்.

அச்சமும் இதனோடு கூடவே வளர்ந்தது. இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் .450 இலக்க வேட்டைக் குண்டுகள் இந்தியாவினுள்ளும் சூடானினுள்ளும் கொண்டுவரப்படுவதை அரசு தடுத்தது. பழைய படைத் துவக்குகளின் குழாயும் அதே அளவினதாகையால், வேட்டைக்காரனின் குண்டு கிளர்ச்சிக்காரனின் கைக்கு மாறிவிடுமோ என்ற பயமே அதற்குக் காரணம். ஆங்கிலத் துவக்குத் தொழிலாளர் சற்றே வேறுபட்ட அளவுகளிற் புதிய குண்டுகளை ஆக்கவேண்டியவராயினர். எருமைக்கு ஏற்ற குண்டு எது என்ற வினாவுக்கு இப்போது விடையளித்தது எருமையின் தோலன்று, ஆட்சியின் பாதுகாப்பேயாகும்.

பாதுகாப்பு யாருக்கு?

கொன்று தீர்த்தவர்களே பின்னர் பாதுகாவலராயினர் என்பது இவ்வரலாற்றின் மற்றொரு முரண். யானை, எருமை முதலியவற்றின் வகைதொகையற்ற அழிவைத் தடுப்பதற்கென 1891இல் இயற்றப்பட்ட சட்டம் உரிமச்சீட்டு மூலமும் தடைப்பருவம் மூலமும் வேட்டையைக் கட்டுப்படுத்த முனைந்தது. 1894இல் வேட்டை விலங்குப் பாதுகாப்புச் சங்கம் அமைக்கப்பட்டது. தோட்டக்காரரும் உத்தியோகத்தரும் அதில் முதன்மை பெற்றிருந்தனர். 1900இல் யால சரணாலயமாக்கப்பட்டது. அதனை அடுத்து உரிமம் பெற்ற வேட்டைக் கனவான்களுக்கென ஒதுக்கமும் இருந்தது. விலங்கின் அழிவுக்குக் காரணம் கிராமத்தவனின் இடியனும் கட்டுத்துவக்கும் தோல் இறைச்சி வணிகரும் என்பதே இக்காலத்து வேட்டை எழுத்துக்களிற் பரவலாகக் காணப்படும் முறைப்பாடு. வணிகத்துக்கான கொலையும் கணிசமாக நிகழ்ந்தது என்பதை நாம் மறைக்கவேண்டியதில்லை. கிராமத்தவரை மாசற்றவராகக் காட்டுவதும் வரலாறாகாது. ஆயினும் ஒரே செயல் ஒருவன் செய்யின் விளையாட்டாகவும் மற்றவன் செய்யின் களவாகவும் கொள்ளப்பட்டமை சட்டத்தின் வர்க்கச் சார்பைப் புலப்படுத்துகிறது. கனத்த குண்டையும் விலையுயர்ந்த துவக்கையும் வாங்க முடிந்தவன் விலங்கை நேரே வீழ்த்தும் நேர்மையான வேட்டைக்காரன் எனப்பட்டான். சன்னத்தையே நம்பியிருந்தவன் விலங்கைக் காயப்படுத்தித் துன்புறுத்துபவன் எனப்பட்டான். வறுமை இங்கு ஒழுக்கக்கேடாக உருமாற்றப்பட்டது.

இதன் உச்சநிலையை 1908 முதல் 1911 வரை அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராயிருந்த லெனாட் வூல்ஃபின் எழுத்துக்களிற் காணலாம். அவர் காலத்திற் பரவிய கொள்ளை மாட்டுநோயைத் தடுக்க, நோயுற்றவையும் கட்டாது அலைந்தவையுமான மாடுகளும் எருமைகளும் சுடப்பட்டன. மருத்துவ நோக்கில் அதற்கு நியாயம் இருந்தது. ஆயினும் எருமையைக் கட்டி வளர்க்காத சமுதாயத்தில் அலையும் எருமை என்பது உடைமையற்ற எருமை அன்று. தன் உழைப்புக் கருவி கண்முன்னே வீழ்வதைக் கண்ட கிராமத்தவனுக்கு அக்குண்டுக்கும் வேட்டைக்காரனின் குண்டுக்கும் என்ன வேறுபாடு தோன்றியிருக்கும்? மக்கள் தம்மை வெறுத்தனர் என்பதை வூல்ஃப் உணர்ந்திருந்தார். 1913இல் அவர் எழுதிய நாவலில், காட்டோடு ஒன்றிய ஏழை வேட்டைக்காரன் ஒருவனின் துவக்கு இறுதியில் ஊர்த் தலைவனையும் கடன் கொடுத்தவனையும் நோக்கித் திரும்புகிறது. ஆட்சியாளருள் ஒருவராயிருந்தும் அந்நிலையை உணர்ந்து எழுதியமை அவரது சிறப்பு.

முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குவோம். எருமையைக் கொல்லும் குண்டு உருண்டை ஈயமாகத் தொடங்கி, கடினப்படுத்திய கூம்பாகி, உறையிட்ட சிறு குண்டாக வளர்ந்தது. அதன் ஒவ்வொரு படியிலும் பொறியியற் காரணம் ஒன்றிருந்தது. தோலின் தடிப்பும் எலும்பின் வலிமையும் கற்பனையல்ல. ஆனால் எந்த எருமை சுடத்தக்கது, யார் சுடலாம், சுமப்பவன் யார், அதே குண்டு எந்த மனிதனுக்கு ஏற்றது என்னும் வினாக்களுக்கு ஈயமும் செம்பும் விடை தரவில்லை. அவற்றுக்கு விடை தந்தவை உடைமை உறவுகளும் ஆட்சி அதிகாரமுமே.

1937ஆம் ஆண்டின் வனசீவராசிகள் தாவரங்கள் பாதுகாப்புச் சட்டமும் 1938இல் அமைந்த தேசிய பூங்காக்களும் அக்காலத்தைப் பெரும்பாலும் முடித்துவைத்தன. மின்னேரியாக் குளம் 1903இற் புனரமைக்கப்பட்டது, 1930களில் அதன் கீழ்க் குடியேற்றம் ஏற்பட்டது, 1997இல் அதன் சூழல் தேசிய பூங்காவாயிற்று. இன்று எமது காடுகளில் உள்ள எருமைகளுட் கலப்பற்ற காட்டெருமை எத்துணை எஞ்சியுள்ளது என்பது விலங்கியலாரிடையே விவாதத்துக்குரியதாக உள்ளது. அவ்விவாதமும் பழைய கோட்டையே மீண்டும் தேடுகிறது. பட்டிக்கும் காட்டுக்கும் இடையே எமது முன்னோர் அக்கோட்டைக் கிழிக்கவில்லை என்பதை நாம் மறக்கலாகாது.

குண்டுகளின் வரலாற்றை ஆராய்வது இத்தீவில் வாழும் எமக்கு வெறும் ஏட்டுப் பயிற்சி அன்று. இந்நாடு பின்னாளிற் பல பத்தாண்டுகள் குண்டுகளின் நடுவே வாழ்ந்தது. குழுமாடு மேய்ந்த காடுகள் போர்க்களங்களாயின, பட்டிகள் சிதறின, குறி சுட்டவனும் குறியிடப்பட்ட எருமையும் ஒருவரையொருவர் இழந்தனர். ஓர் உயிரைப் பாய்ந்து வரும் காட்டு விலங்காக வருணித்துவிட்டால் அதற்கேற்ற குண்டைத் தேர்வது எளிது என்பதை ஹேக் மாநாட்டு வாதம் எமக்குக் காட்டுகிறது. எனவே எந்தக் குண்டு என்று கேட்கப்படும்போதெல்லாம், அதற்கு முன்னரே யார் யாரை விலங்கெனப் பெயரிட்டனர் என்று கேட்பது வரலாற்று மாணவரின் கடமையாகும்.